கைதட்டாத முப்பது பேர்

பாரிஸ், 3 மார்ச் 1925

என் அன்புள்ள அன்செல்ம்,

உயிரோடுதான் இருக்கிறீர்களாமே! தியெப்பில் கடலைப் பார்த்தபடி மீன் தின்று கொழுக்கிறீர்கள் என்று உங்கள் அக்கா மகள் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு வரி எழுதினால் குறைந்தா போவீர்கள்? எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. முழங்கால் இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று ஆகாது. மற்றபடி சௌக்கியம்.

ஒரு பதிப்பாளர் என் வாழ்க்கையைப் புத்தகமாகக் கேட்கிறார். விருந்துகளில் நான் அடித்த பேச்செல்லாம் அவருக்கு மனப்பாடம். "மந்திரி உங்க வயசைக் கேட்டாரே, அதைச் சொல்லுங்க மதாம்!" என்று கெஞ்சுவார். "நீங்க கேக்கறவரைக்கும் இருபத்தாறுதான், கேட்டதும் சட்டுனு கிழவியாயிட்டேன்" என்று மந்திரிக்குச் சொன்னதையே சொல்வேன். விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஆனால் ஓர் அத்தியாயத்தில் பேனா நின்றுவிட்டது. 1894, மேடையில் என் கடைசி ஆட்டம். இருபது நிமிடம் கைதட்டினார்கள். சரவிளக்குக்குக் கீழே வழக்கம்போல் நீங்களும் உங்கள் முப்பது ஆட்களும் உட்கார்ந்திருந்தீர்கள். காசு வாங்கிக்கொண்டு கைதட்டுவது உங்கள் தொழில், அதைக் குறை சொல்லவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கைதட்டல் யாருடையது? உங்களுடையது என்றால் புத்தகமே வேண்டாம். என்னைத் தேற்றுவதற்காகப் பொய் மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் பழைய
எர்மீன்

*

தியெப், 9 மார்ச் 1925

மதிப்பிற்குரிய மதாம்,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. எத்தனை காலம் ஆயிற்று!

சபையார்தான் தட்டினார்கள். வெறுமனே இப்படிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதற்கு ஒரே ஓர் அத்தாட்சி என்னிடம் இருக்கிறது. அதைச் சொன்ன பிறகு என் முகத்தில் விழிப்பீர்களா என்று தெரியவில்லை.

அன்று நாங்கள் தட்டவே இல்லை. தட்டாமல் இருக்கத்தான் பணம் வாங்கியிருந்தேன். உங்கள் இடத்துக்குப் புதிதாக வந்த ஆட்டக்காரி லூசெட்டை வைத்திருந்த பிரபு கொடுத்தார். "கிழவி போறப்ப சபை கப்சிப்னு இருக்கணும். உன் ஆளுங்க ஒரு கை தட்டினாலும் நீ தொலைஞ்சே" என்றார். முப்பது பேரும் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தோம். முதலில் மேல்மாடியில் யாரோ ஒரு பெண் தட்டினாள். அப்புறம் கூரை பெயர்ந்துவிடும்போல ஆகிவிட்டது. பக்கத்திலிருந்த பிளூஷார், "தலைவரே, கை அரிக்குது, ஒரே ஒரு தடவை தட்டிக்கிறேனே" என்று அழுதான். "சும்மா கிட" என்று அதட்டினேன்.

பணத்துக்காகச் செய்தேன் என்றால் பாதிப் பொய். அந்த வாரம் ஒரு விருந்தில், "அன்செல்முக்கு மூளை உள்ளங்கையிலதான் இருக்கு, அதான் தட்டித் தட்டித் தேஞ்சுபோச்சு" என்றீர்கள். பாரிஸே சிரித்தது. நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.

அன்செல்ம் பிரிகூ

*

பாரிஸ், 12 மார்ச் 1925

அன்செல்ம்,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். "துரோகி!" என்று நான் கத்திய கத்தலில் பூனை கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. அப்புறம் மறுபடி படித்தேன். மறுபடியும் படித்தேன். இருபது நிமிடமும் என்னுடையதா? அடப் பாவி, முப்பத்தோரு வருஷம் இதைப் பூட்டியா வைத்திருந்தீர்கள்! சந்தோஷத்தில் அழுது தீர்த்தேன், சொல்ல வெட்கமில்லை.

மன்னித்துவிட்டேனா என்று மட்டும் கேட்காதீர்கள். செவ்வாய்க்கிழமை வரை கோபமாக இருப்பதாக உத்தேசம்.

அந்த உள்ளங்கைப் பேச்சு என் புத்தகத்தில் ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. "எது போனாலும் இது போகக்கூடாது மதாம்" என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார். நீங்கள் அங்கே நின்றது எனக்குத் தெரியாது என்று இந்தக் கடிதத்தில் எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. தெரியும், அன்செல்ம். நீங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

நேற்று அதை அடித்துவிட்டேன். நல்ல வாக்கியம், மனசே வரவில்லை, ஆனாலும் அடித்தேன். புதன்கிழமை ரயிலேறி மதியச் சாப்பாட்டுக்கு வாருங்கள். அந்த நாளைப் பற்றிப் பேச எனக்கு வேறு யாரும் மிச்சமில்லை.

எர்மீன்