விதையின் மேல் வைக்கும் கை

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலில் கிடந்தபடி என் புருஷன் கேட்ட முதல் கேள்வி: "விதை ஞாயிறு என்னிக்குன்னு சொன்னாங்களா?"

"சொல்லல" என்றேன்.

சொன்னார்கள். ஜூன் முதல் ஞாயிறு. விதை மேல் கை வைக்கப்போவது யார் என்பதையும் சொன்னார்கள். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டேன்.

ஏப்ரல் 28

எங்கள் சபையில் ஒரு வழக்கம். முதல் மழைக்கு முன்னால் எல்லா வீட்டிலிருந்தும் சாமை விதையை முறத்தில் கொண்டுவந்து பிரசங்க மேடைக்கு முன்னால் வரிசையாக வைப்போம். ஒருவர் ஒவ்வொரு முறத்தின் மேலும் கை வைத்து ஜெபிப்பார். பாஸ்டர் இல்லை. அவர் மலைக்குக் கீழே திருப்பத்தூரிலிருந்து வருகிறவர், அவருக்கு ஏது நிலம்? சபையிலேயே ஆசீர்வதிக்கப்பட்ட ஒருவர் வைக்க வேண்டும். ஆசீர்வதிக்கப்பட்டவர் என்றால் வீட்டில் நோய்நொடி இருக்கக்கூடாது, போன வெள்ளாமை நன்றாக விளைந்திருக்க வேண்டும்.

முப்பாட்டன் காலத்து ராசியான கையைத்தான் நாங்கள் ஞானஸ்நானம் கொடுத்துக் கோயிலுக்குள் கூட்டிவந்துவிட்டோமோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அந்தக் கை என் புருஷனுடைய கையாக இருந்தவரை அந்தச் சந்தேகம் என்னைத் தொந்தரவு செய்யவே இல்லை. முன்வரிசையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன வருஷம் மாசியில் புளி உலுக்க ஏறியவர் கிளையோடு விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அந்த வருஷ விதை ஞாயிறன்று நாங்கள் வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். வேறு வழியில்லாமல் பாஸ்டரே கை வைத்தாராம். இந்த வருஷம் பூவரசனை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாலிபன். சொந்தமாக ஜீப் வாங்கியிருக்கிறான், பெண்ணுக்குப் பிறகு பையனும் பிறந்திருக்கிறான். யாரைப் போய்க் குறை சொல்வது?

மே 3

மங்கம்மாள் வந்தார். மாதர் சங்கத் தலைவி. கட்டிலருகே முட்டி போட்டு உருக்கமாகத்தான் ஜெபித்தார். எழுந்ததும் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"கோகிலா, தப்பா நெனச்சிக்காத. நாங்களும் ஒரு வருஷமா உபவாசம் இருந்து ஜெபம் பண்ணிகினு கீறோம். ஒண்ணும் நடக்கல. எதுனா பாவத்த மறைச்சி வெச்சிகினு கீறீங்களா ரெண்டு பேரும்?"

வாயில் வந்ததை விழுங்கினேன். நான் அங்கன்வாடி டீச்சர், பொறுமை வேண்டும். ஆனால் அவர் விடவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, "தமிழ்மணி, மனச வுட்டுடாதப்பா. இந்த வருஷம் பூவரசன் கை வெக்கட்டும், அடுத்த வருஷம் ஆண்டவரு உன்ன நிக்க வெப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கை வைக்கப்போவது யார் என்பது என் புருஷனுக்கு இப்படித்தான் தெரிந்தது. "நல்ல பையன்" என்றார். அப்புறம் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கஞ்சி குடிக்கவில்லை.

மே 4, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன். தலைவலியாம்!

மே 9

ஆண்டவரே, உமக்கு இன்னா கொறஞ்சி போச்சி? ஒருத்தர் காலைத் திருப்பிக் கொடுத்தா உம்ம வூட்டுச் சொத்தா கரைஞ்சிடும்? நான் ஜீப் கேட்டனா? மாடி வீடு கேட்டனா? பலா மரத்தடியில அவர் நின்னு, "இன்னாமே, டீ வெச்சியா"ன்னு கேக்கணும். அவ்வளவுதான. அந்தக் கொரல் வாசப்பக்கத்துலேர்ந்து வரணும். கட்டில்லேர்ந்து இல்ல.

மே 10

நேற்று எழுதியதைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. ஆண்டவருக்குத் தெரியாததா?

மே 22

அங்கன்வாடிக்கு லீவு. நாளெல்லாம் வீட்டில். அவர் பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் மூன்று சொல்லிச் சிரிக்க வைப்பார். பக்கத்திலேயே இருக்கிற மனுஷனுக்காக ஏங்க முடியும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மே 30

நம் விதையை இந்த வருஷம் கோயிலுக்குக் கொண்டுபோகப் போவதில்லை என்றேன்.

"ஏன்?"

"உங்க கை வெக்காத எடத்துல நம்ம மொறத்துக்கு இன்னா வேல?"

"எடுத்துகினு போமே. பூவரசன் வெக்கட்டும். இல்லன்னா அவன் மனசு கஷ்டப்படும்."

இவருக்கு மட்டும் எங்கிருந்துதான் இந்தப் பெரிய மனசு வருகிறதோ! எனக்கு இல்லை. இருந்தாலும் சாமையைப் புடைத்து வைத்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

எழுதித்தான் ஆற வேண்டும்.

முறங்கள் வரிசையாக இருந்தன. எங்களுடையது நடுவில். பூவரசன் வெள்ளைச் சட்டையில் ஒவ்வொன்றாகக் கை வைத்துக்கொண்டு வந்தான். எங்கள் முறத்துக்கு வந்தான். நின்றான். கையை நீட்டினான். பிறகு இழுத்துக்கொண்டு அடுத்த முறத்துக்குப் போய்விட்டான்.

எல்லாரும் பார்த்தார்கள். பின்னாலிருந்து யாரோ "ஸ்தோத்திரம்" என்று முனகினார்கள். எதற்கு ஸ்தோத்திரம்? எங்கள் வீட்டுப் பீடை மற்ற விதைக்கு ஒட்டாமல் போனதற்கா?

ஜெபத்தின் நடுவிலேயே எழுந்து போய் முறத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வழியெல்லாம் அழுகை. விதை கொஞ்சம் சிந்தியும்விட்டது. வீட்டில் நடந்ததைச் சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். இனி அந்தக் கோயில் படியை மிதிக்க மாட்டேன்.

ஜூன் 3

பூவரசன் வந்தான். வாசலில் ஜீப் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்தலாம் என்றுதான் போனேன். அதற்குள் உள்ளே வந்து கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணா, உன் விதை மேல நான் எப்டிண்ணா கை வெப்பேன்? கைய நீட்னேன். நீ வெச்ச எடத்துல என் கை எறங்கல. அண்ணிகிட்ட அங்கயே சொல்லியிருக்கணும், வாய் வரல."

ஒரு பக்கம் கோபம் இறங்கியது, இன்னொரு பக்கம் இறங்க மாட்டேன் என்றது.

பிறகு அவன் சொன்னதுதான் விஷயம். "பயமா கீதுண்ணா. நாளைக்கி ஜீப்பு கவுந்தா, புள்ளைக்கி ஒண்ணு ஆச்சின்னா, இந்தக் கையும் வேணாம்னு பூடுவாங்க இல்ல? தூக்கமே வர்ல."

அவர் பேசினார். இத்தனை மாசமாக இந்த வீட்டில் கேட்காத பேச்சு.

"நானும் வருஷா வருஷம் பயந்துகினுதாண்டா வெச்சேன். வெளைஞ்சா என் கை, வெளையலன்னா என் பாவம்னு. ஆசீர்வாதம்னா கையில வெச்சிகினு கீறது, கீழ போட்டுடக் கூடாதுன்னு நெனச்சேன். வுழுந்தன்னிக்கி எல்லாமே போட்டுட்டேன். காலு, வேல, பேரு, எல்லாம் பூட்ச்சி. ஆண்டவரு பூடல பூவரசு. இங்கதான் கீறாரு. நல்லா இருந்தப்ப இது எனக்குத் தெரியாது."

பூவரசன் அழுதான். அவர் அவன் தலையில் கை வைத்தார். நான் டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜூன் 4

ஒரு வருஷத்துக்கு மேல் அவர் பக்கத்திலேயே கிடக்கிறேன். என்னிடம் சொல்லாததை பூவரசனிடம் சொல்லியிருக்கிறார். கேட்டேவிட்டேன்.

"உன்கிட்ட சொன்னா, அப்ப நடக்கவே மாட்டீங்களான்னு அழுவ" என்றார்.

சரிதான். அழுதேன். ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார் என்பது இவருக்குத் தெரிகிறது. எனக்கு இன்னும் தெரியவில்லை. எனக்குக் கால்தான் வேண்டும். இப்படிக் கேட்பது அவிசுவாசமா? அழுகிறவர்களையும் ஆண்டவர் பாக்கியவான்கள் என்றுதானே சொன்னார். அதை எத்தனை தரம் வாசித்திருப்பேன்! அழுகை நின்ற பிறகுதான் பாக்கியம் வரும் என்றே நினைத்து வாசித்திருக்கிறேன்.

ஜூன் 8

மழை இல்லை.

ஜூன் 14

நல்ல மழை. ஓடையில் தண்ணீர்.

ஜூன் 17

பூவரசன் ஜீப்போடு வந்து, "அண்ணா, கொல்லைக்குப் போலாம்" என்றான். எங்கள் சாமை நிலத்துக்குத்தான். மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் வாசலைத் தாண்டியதில்லை. "தூக்கு" என்றார். பூவரசன் இடுப்பில் பிடித்துக்கொள்ள, நான் காலைப் பிடித்துக்கொண்டேன். வரப்பில் சாக்கு விரித்து, வேங்கை மரத்தில் சாய்த்து உட்காரவைத்தோம். காற்று பட்டதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

உழுது கிடந்தது. முறத்தை அவர் மடியில் வைத்து, கை வையுங்கள் என்றேன்.

"உன் கை கீதே. அது போதும். நீயே வெதச்சிடு."

என் கையா? அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கால் கழுவுகிற கை. அவருக்கு மூத்திரப் பை மாற்றுகிற கை. இதைப் போய் யாராவது ராசி என்பார்களா? ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு இறங்கினேன். தெரிந்த மட்டும் தூவினேன். "அங்க அடர்த்தியா பூட்ச்சிமே! இன்னா, கோழிக்கி எரைச்சிகினு கீறியா?" என்று வரப்பிலிருந்து கத்தினார். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து முட்டி போட்டபோது வழக்கமாகக் கேட்பதையே கேட்டேன். நடக்க வையும். இன்று அதோடு இன்னொன்றும் சொன்னேன்: நீர் கொடுக்காவிட்டாலும் நான் எழுந்து போய்விட மாட்டேன். இதற்கு முன் ஆண்டவரிடம் இப்படிச் சொன்னதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

முளைப்பு சுமார். ஒரு பக்கம் திட்டாக, ஒரு பக்கம் வெறும் மண்.

"கோயிலுக்குப் போலாமே" என்று அவர்தான் சொன்னார். படியை மிதிக்க மாட்டேன் என்று எழுதிவைத்தவள் நான். மிதித்தேன். பூவரசன் அவரைத் தூக்கி வந்து கதவோரம் நாற்காலியில் உட்காரவைத்தான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், முகத்தை இல்லை, காலை. மங்கம்மாளும் பார்த்தார்.

சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம் என்றார் பாஸ்டர். ஒருவருக்கு வேலை கிடைத்திருந்தது, அல்லேலூயா. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, அல்லேலூயா. அடுத்து நான் எழுந்தேன். எழுந்துவிட்ட பிறகுதான் எழுந்தது எனக்கே தெரிந்தது.

"எங்க வூட்டுக்காரரு நடக்கல. நானும் தெனம் கேட்டுகினுதான் கீறேன். சாமையும் சரியா மொளைக்கல. ஆனா ஆண்டவரு எங்க வூட்ட வுட்டுப் போகல. நாங்க ஆசீர்வாதமாதான் இருக்கோம்."

கோயில் கப்சிப். இதற்கு அல்லேலூயா சொல்வதா கூடாதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பாஸ்டர் பைபிளைப் பார்த்தார். எனக்குக் காது சூடேறியது. உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தபோது கதவுப் பக்கமிருந்து ஒரே ஒரு குரல் வந்தது.

"அல்லேலூயா."

அவர்தான்.