ஆறு நாற்பதுக்கு வரும் செய்தி

9 செப்., செவ்வாய்

விடியலில் காற்றோடு மழை. மூங்கில் கழியில் போட்ட துணியெல்லாம் மறுபடி துவைக்க வேண்டும்.

கடையில் ஒன்பது பேருக்குக் கண் பரிசோதனை. கண்ணாடி ஐந்து பேருக்கு. கழுத்து வலி பழையபடி.

தேக்கா சந்தையில்: கங்கோங் கீரை, தேங்காய், மீன் இரண்டு துண்டு. மீன்காரர் விடவில்லை. "என்னக்கா ரெண்டே துண்டா? அண்ணனுக்குப் பத்தாம் தீவுல வேலை, பொண்ணு யுனிவர்சிட்டி ஹாஸ்டல்ல. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு பூனைக்கா?" பூனை கிடையாது. சிரித்து வைத்தேன்.

மாலை 6.40. கீர்த்தியின் செய்தி. "சாப்டேன் மா. லைப்ரரி போறேன். லவ் யூ." போய் ஐந்து வாரம், ஒரு நாள் தவறவில்லை. வீட்டில் இருந்தவரை இந்த ஒழுங்கு கிடையாது. காலையில் கடையில் கூட வேலை பார்க்கும் மாலா அக்காவிடம் நேற்றைய செய்தியைக் காட்டியிருந்தேன். "குடுத்து வச்சவ நீ. என் மகன் 'கே'ன்னு ஒரே எழுத்து அனுப்புவான், அதுவும் மறுநாள்."

என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தேன். பதில் இல்லை.

11 செப்., வியாழன்

வெயில். தலைவலி.

6.40க்குச் செய்தி. 6.41க்கு அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி. மறுபடி. அனுப்பியபோது போன் கையில்தானே இருந்திருக்கும்?

குளித்துக்கொண்டிருப்பாள். இல்லை, லைப்ரரி என்று எழுதியிருக்கிறாள். சரி, லைப்ரரியில் எடுக்கக் கூடாது.

படுக்கும்வரை இதையே.

13 செப்., சனி

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளை நானே நம்ப மாட்டேன்.

இரண்டு மணிக்குச் சொல்லாமல் வந்தாள். கன்னம் ஒட்டியிருக்கிறது. "பசிக்கலை மா. தூக்கம்தான்." போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுத்தாள். பையில் திராட்சை மிட்டாய் வாசனை.

6.40. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் போன் அதிர்ந்தது. "ஹாஸ்டல்ல சாப்டேன் மா. இப்ப லைப்ரரில. லவ் யூ."

கூடத்தில் அவள் போன், சார்ஜில், யாரும் தொடாமல். அவள் அறைக்கதவு திறந்திருந்தது. ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. முன்னால் போய் நின்றேன். கண் திறந்திருந்தது. நான் அதில் இல்லை. வலது கை, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல, விட்டு விட்டுத் துள்ளியது. கருவிழிகள் பக்கவாட்டில் நடுங்கின. இருபது வருடமாகக் கண் பார்க்கிற வேலை எனக்கு. பார்க்காத கண்ணை இன்றுதான் பார்த்தேன்.

அப்படியே சரிந்தாள். பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸுக்கு அழைக்க எண்ணை அழுத்தினேன். இது ஏதோ போதைதான் என்று தோன்றியது; போலீஸும் வருமோ என்று விரல் நின்றது. எத்தனை நொடி நின்றது? எழுதக் கூசுகிறது.

அதற்குள் விழித்துவிட்டாள். "என்ன மா, எதுக்குத் தரையில உக்காந்திருக்கீங்க?"

தலையணைக்கு அடியில் விரல் நீளத்தில் ஒரு வேப், இங்கே வைத்திருந்தாலே குற்றமான மின்சிகரெட். கறுப்பு.

14 செப்., ஞாயிறு

மந்தாரம். காலை முழுக்கச் சமையலறை மேசையில் இரண்டு பேரும். மைலோ ஆறிப்போனது.

நான் கத்தவில்லை. ஒரு தடவை கத்தினேன்.

சாதாரண வேப் இல்லையாம். உள்ளே மயக்க மருந்து. முதல் வாரமே, பக்கத்து அறைப் பெண் கொடுத்தாளாம். "அங்க எல்லாரும் எல்லாத்துலயும் ஏ கிரேடு வாங்குனவங்க மா. நான் ஒருத்திதான் தப்பா வந்துட்ட மாதிரி. தூக்கமே வரல. இதை ஊதுனா ரெண்டு நிமிஷம் நான் இருக்க மாட்டேன். அது நல்லா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப நான் இல்லாத நேரம்தான் ஜாஸ்தி."

செய்தி எப்படி வந்தது என்று கேட்டேன். போனைத் திறந்து காட்டினாள். அந்தச் செயலியில் முன்பே எழுதி வைத்து நேரம் குறித்துவிட்டால் தானாகப் போகுமாம். வரிசையாக இருக்கின்றன, இன்னும் வராத நாட்களுக்கெல்லாம். இருபத்தேழு. நாளை சாப்பிடப்போகும் சிக்கன் ரைஸ். அடுத்த வாரம் லேசான சளி. புதன்கிழமைக்கு: "செம மழை மா. நனைஞ்சிட்டேன். சூப் குடிச்சேன்."

"புதன்கிழமை மழைன்னு உனக்கு எப்படிடீ தெரியும்?"

"சிங்கப்பூர்லா மா. பெய்யாமலா போகும்?"

சிரித்துவிட்டேன். பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். கேட்கக் கூடாததைக் கேட்டேன். நேராகவே. செத்துப்போனாலும் இதெல்லாம் வந்துகொண்டே இருக்கட்டும் என்றா எழுதினாய்?

மைலோ கோப்பையைத் தள்ளி வைத்தாள். "இல்ல மா. சாக நினைக்கல. நேரம் தொலஞ்சு போகுது. ஆறு மணிக்கு உக்காருவேன், பாத்தா ஒன்பது. நீங்க தேடுவீங்கல்ல. நல்லா இருந்த ஒரு நாள்ல எல்லாத்தையும் எழுதி வச்சேன். பொய் இல்ல மா. எழுதுறப்ப நல்லாதான் இருந்தேன்."

15 செப்., திங்கள்

கடையின் பின்னறையிலிருந்து போதை உதவி எண்ணுக்கு அழைத்தேன். பெயர் கேட்கவில்லை. தானாக வந்து உதவி கேட்பவர்களை அதற்காகத் தண்டிப்பதில்லை என்றார் அந்தப் பெண். அடுத்த தடவை அப்படி நின்றால் யோசிக்காமல் ஆம்புலன்ஸ் என்றும் சொன்னார். யோசிக்காமல் என்பதை இரண்டு முறை சொன்னார். என் விரல் நின்றதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

புதன் பதினொரு மணி, கிளினிக்.

பத்தாமில் இருக்கும் அவள் அப்பாவிடம் போனில் சொல்லியாயிற்று. பட்டறைச் சத்தத்திலிருந்து வெளியே வந்து மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு, "வியாழக்கிழமை ஃபெரியில வந்துடறேன். தனியா விடாதே."

கிளினிக்குக்கு வருகிறேன் என்று கீர்த்தி சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தட்டில் பாதி சாப்பிட்டாள். 6.40க்கு என் போன் அதிர்ந்தது, எதிரில் அவள். இரண்டு பேரும் எடுக்கவில்லை. "யாரோ ஒருத்தி நல்லா இருக்கா" என்றாள்.

பிறகு உட்கார்ந்து மீதி எல்லாவற்றையும் அழித்தாள்.

17 செப்., புதன்

மழை. நல்ல மழை. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

டாக்சியில் கையைப் பிடித்துக்கொண்டே போனேன். கிளினிக்கில் பத்து நாற்பதுக்கு, "டாய்லெட் போயிட்டு வரேன் மா." பத்து ஐம்பத்தைந்து, வரவில்லை. கதவுக்கு வெளியே நின்றேன். கீழே இடைவெளியில் செருப்புக் கால்கள், அசையாமல். கூப்பிட்டேன். ஓட இருந்தேன், யாரையாவது அழைக்க.

"இருக்கேன் மா."

வெளியே வந்தாள். "ஊதல. அதான் அந்த வேப்பை வீட்லயே நீங்க எடுத்துட்டீங்களே. இப்படியே போயிடலாமான்னு நின்னேன்." நர்ஸ் பெயர் சொன்னபோது எனக்கு முன்னால் அவள்தான் எழுந்தாள்.

டாக்டர் அவளைத் தனியாகப் பார்த்தார். நாற்பது நிமிடம். பிறகு என்னையும். ஹாஸ்டல் வேண்டாம், வீடு. வாரம் ஒரு முறை வர வேண்டும். இந்தப் பருவப் படிப்பை நிறுத்தி வைக்கக் கடிதம். சீக்கிரம் சரியாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாதது ஒருவகையில் தைரியம்.

திரும்பும்போது ரயில் மேடையில் கேட்டாள். "போன மாசம் ஒரு நாள் தேக்கால உங்களைப் பாத்தேன் மா. மீன் கடை கிட்ட. நான் எப்படி அங்க வந்தேன்னு தெரியல. கூப்பிட்டேன். நீங்க போயிட்டீங்க. நான் கூப்பிட்டேனா இல்லையான்னுதான் தெரியல. கேட்டுச்சா?"

யாரும் கூப்பிட்ட நினைவில்லை. கேட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"கேக்கல. இப்பக் கூப்பிடு."

"இங்கயா? எல்லாரும் இருக்காங்க."

"கூப்பிடு."

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி என்றேன். ரயில் வந்து போனது, நாங்கள் ஏறவில்லை. மூன்றாவது முறை சத்தமாக "அம்மா" என்று கூப்பிட்டபோது, தள்ளி நின்ற யாரோ ஓர் அம்மாள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.