பேய்க்குக் கொடுத்த மூச்சு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் இழுப்பு எப்படி இருக்கிறது? அம்மாவிடம் கேட்டால் மழுப்புகிறாள்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான் ஒலி அமைக்கும் பேய்ப்படத்தில், பூட்டிய அறைக் காட்சிக்கு எந்தச் சத்தமும் பொருந்தவில்லை. நீங்கள் போனில் அனுப்பிய குரல்பதிவில், பேச்சுக்கு நடுவே மூச்சு இழுத்தது. அதை மட்டும் வெட்டி, வேகத்தைக் குறைத்து, அடியில் சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவியின் அதிர்வைச் சேர்த்தேன். திரையிட்டுக் காட்டியபோது அரங்கமே உறைந்துபோனது. ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டார்.

"இந்தச் சத்தத்தை எங்கேம்மா பிடிச்ச?" என்றார் இயக்குநர்.

"மெஷின்ல பண்ணதுதான் சார்."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. நீங்கள் மூச்சுக்குத் தவித்ததைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது உங்கள் மருந்து அல்ல, அந்தக் காட்சிதான்.

மறுநாள் உண்மையைச் சொல்லி அதை எடுத்துவிட்டேன். இயக்குநர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேலைக்கு ஆபத்தில்லை, கவலைப்படாதீர்கள்.

டாக்டரைப் பாருங்கள். அலமாரியில் என் பழைய மூக்குக்கண்ணாடி இருக்கும், அனுப்புங்கள். ஞாயிறு முழுக்க அறையில்தான் இருப்பேன், கூப்பிடுங்கள். இழுப்பை அடக்கிக்கொண்டு பேச வேண்டாம், அப்பா. இந்த முறை வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பேன்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்