கொக்கி வைத்த கருகமணி

என் மைமூன் அக்காவுக்கு, மண்ணுக்கு மேலே இருந்து உன் கத்தீஜாவின் சலாம்.

நேரிலேயே வந்திருப்பேன். உன்னை அடக்கிய கபர்ஸ்தானுக்குள் பொம்பளைகள் வரக்கூடாதாம். நீ உயிரோடு இருந்தபோது உன்னை வெளியே விடவில்லை, இப்போது என்னை உள்ளே விடவில்லை. அதனால் காகிதத்தில் வந்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோழி கிளறின மாதிரி இருந்தால் சிரித்துக்கொள். நீ ரவிக்கை தைத்துக் கொடுப்பாயே, மயிலாப்பூர் வக்கீலாத்து மாமி, அவர்கள்தான் பிடித்து உட்கார வைத்தார்கள். "எழுதுடி கத்தீஜா, பத்திரிகையில போடச் சொல்றேன். நாலு பொம்மனாட்டிகள் படிக்கட்டும்."

முதலில் நல்ல சேதி. உன் மகள் ஜைனபுக்கு வருகிற வெள்ளிக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளைக்குத் தியாகராய நகரில் சைக்கிள் கடை. காது மட்டும் கொஞ்சம் பெரிசு. "பொண்டாட்டி பேச்சு நல்லாக் கேக்கும்டி" என்றேன். கிள்ளிவிட்டாள்.

பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளியாக, அதுதான் வலியாக, நிற்கப்போவது யார் தெரியுமா? மச்சானேதான். உன் புருஷன் ரங்கூனிலிருந்து வந்துவிட்டார் அக்கா.

உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

மச்சான் ரங்கூனுக்கு வியாபாரத்துக்குப் போனார். சண்டை வந்தது. ஜப்பான்காரன் குண்டு போட்டதும் காடு மலை தாண்டி நடந்தே எத்தனையோ பேர் ஊர் திரும்பினார்கள். மச்சான் வரவில்லை. மௌத்தாகிவிட்டார் என்று ஒருவன் வந்து சொன்னான். மச்சானின் அக்கா உன் கழுத்தில் தாலியாக இருந்த கருகமணியை அவிழ்த்தாள். நீ வெள்ளைச் சேலை கட்டி, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, புருஷனை இழந்தவள் வீட்டோடு அடைந்து கிடக்கும் இத்தாவை நாலு மாசத்துக்கு மேல் இருந்தாய்.

இத்தா முடிந்ததும் தொப்பி தைக்கிற ஜப்பார் உன்னைக் கேட்டு ஆள் அனுப்பினார். பெண்டாட்டியை இழந்தவர், நல்ல மனுஷன். நீ வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டாய். நான் பார்த்தேன்.

அந்த வாரமே இன்னொருவன் வந்து சேர்ந்தான். "மௌத்தா? அவரா? ரங்கூன்ல நல்லாத்தான் கீறாரு. அங்க ஒரு குடும்பமும் கீது."

உயிரோடு இருக்கிற மனுஷனுக்காக இத்தா இருந்தவள் இந்தப் பட்டணத்திலேயே நீ ஒருத்திதான். மச்சானின் அக்கா மறுபடி வந்தாள், அதே கருகமணியைக் கட்டினாள். பின்கழுத்தில் முடிச்சுக்கு மேல் முடிச்சு. "மெதுவாக் கட்டுங்கக்கா, பந்தக்கால் இல்ல, கழுத்து" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மாமியின் வீட்டுக்காரர், அந்த வக்கீல், மாமியிடம் சொல்லி அனுப்பினார். நம்ம பொம்பளைகளுக்கென்றே ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது, சோறு துணி கொடுக்காமல் விட்டுப்போன புருஷனிடமிருந்து ஜட்ஜ் விடுதலை கொடுக்கலாம் என்று. ஜமாத்துப் பெரியவர்கள் கேட்டார்கள்: "வேற மதத்து ஜட்ஜ் அறுத்துவிட்டா அல்லாகிட்டே செல்லுமா?" நீ கோர்ட்டுக்குப் பயப்படவில்லை. அல்லாவுக்குப் பயந்தாய். ஜப்பார் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்.

நொச்சிக்குப்பம் கன்னியம்மா மீன் கூடையை இறக்கிவிட்டு உன்னிடம் கேட்டாளே, ஞாபகம் இருக்கா? "இன்னாம்மா இது? எங்க குப்பத்துல பஞ்சாயத்து முன்னால துரும்பைக் கிள்ளிப் போட்டா கட்டுனது தீந்துது. உனக்கு ஒரு துரும்பு கூடவா கெடைக்கல?" ரவிக்கை வாங்க வந்த மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னார்கள்: "நோக்குத் துரும்பு, இவளுக்குக் கோர்ட்டு. எங்காத்துப் பொண்ணுக்கு அதுவும் கிடையாதுடி." அப்புறம் மூன்று பேரும் கொஞ்ச நேரம் அந்த மீனையே பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். என்ன நினைத்தாய் அக்கா அப்போது?

அந்த முடிச்சோடேயே இருந்து, விஷக் காய்ச்சலில் நீ போனாய். குளிப்பாட்டிய பெண்களால் அந்த முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. கத்தரியால் நூலை வெட்டினார்கள். மணிகள் தரையெல்லாம் உருண்டன. தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினேன். ஒன்று மட்டும் அகப்படவில்லை. உன்னோடு எடுத்துப் போய்விட்டாயா?

உன் நாற்பதாம் பாத்திஹாவுக்கு மச்சான் வந்து இறங்கினார். அழுதார், பொய் அழுகை இல்லை. அழுது முடித்துச் சொன்னார்: "ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கேருந்தே தலாக் சொல்லி அனுப்பியிருப்பேனே, பாவம்."

"எந்த விலாசத்துக்குக் கேக்கறது மச்சான்?" என்றேன்.

அவருக்கு ஒரு வார்த்தை போதும். உனக்கு உன் ஆயுசு போதவில்லை.

போன வாரம் நிக்காஹ் பேச எல்லோரும் கூடியிருந்தோம். திரைக்குப் பின்னாலிருந்து ஜைனப் பேசினாள். "புருஷன் காணாமப் போனாலோ, சோறு போடாம விட்டாலோ, என்னை நானே விடுவிச்சுக்கலாம்னு மாப்பிள்ளை எழுதிக் குடுக்கணும். இல்லன்னா சம்மதம் சொல்ல மாட்டேன்."

மச்சான் குதித்தார். "கட்டும்போதே அறுக்கற பேச்சா?"

"அம்மா கழுத்துல கத்தரி வெச்சதை நீங்க பாக்கல அத்தா. நான் பாத்தேன்."

உனக்கு நிக்காஹ் ஓதிய அதே ஹஜரத் தாடியைத் தடவினார். "மார்க்கத்துல இதுக்கு இடம் உண்டு. என்னைக்கும் உண்டு."

"அப்ப எங்க அக்காவுக்கு நிக்காஹ் ஓதினப்ப ஏன் சொல்லல ஹஜரத்?" என்றேன்.

"யாரும் கேக்கலையேம்மா."

யாரும் கேட்கவில்லையாம் அக்கா. மாப்பிள்ளைதான் அந்தப் பெரிய காதால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எழுதிக்குங்க" என்றார். மச்சானும் சரி என்று தலையை ஆட்டினார்.

உன் கருகமணியைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள் ஜைனப். கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, மறுக்கவும் வரவில்லை. நகை செய்கிற பத்தரிடம் கொண்டுபோனேன். முடிச்சே வேண்டாம், போட்டிருக்கிறவள் தன் கையாலேயே கழற்றுகிற மாதிரி வெள்ளியில் ஒரு சின்னக் கொக்கி வையுங்கள் என்றேன்.

"கருகமணிக்குக் கொக்கியா? யாரும் கேட்டதில்லையேம்மா."

"இப்ப நான் கேக்கறேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை அந்த நிபந்தனையை ஹஜரத் முணுமுணுத்தால் விடமாட்டேன். திரைக்குள்ளிருந்தே சத்தம் போட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி படிக்க வைப்பேன். பள்ளிவாசல் சுவருக்கு அந்தப்பக்கம்தானே படுத்திருக்கிறாய், உனக்கும் கேட்கும். இது சத்தியம்.

உன் மணிகளைப் பொறுக்கிய தங்கச்சி,
கத்தீஜா