சாளைக்கு விசரில்லை

அனுப்புநர்:
ஜவுபர் பஹ்மிதா,
தரம் 10 மாணவி,
கடற்கரை ஒழுங்கை,
கல்முனைக்குடி.

பெறுநர்:
பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவர்கள்,
சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை.

விடயம்: வரும் செவ்வாய்க்கிழமை காலை பிடித்துச் செல்லப்படவிருக்கும் ‘சாளை’ என்னும் பெண் நாய் விசர்நாய் அல்ல, இடிக்கும் வெடிக்கும் பயந்த நாய் என்பதைத் தெரிவித்தலும், பிடிப்பதற்கு முன் அதை நேரில் பரிசோதிக்குமாறு கோருதலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி நாயைப் பிடிக்குமாறு எங்கள் ஒழுங்கையார் ஒப்பமிட்ட முறைப்பாடு நாளை காலை தங்கள் கைக்கு வரும். செவ்வாய்க்கிழமை ஆட்களை அனுப்புவதாகத் தாங்கள் தொலைபேசியில் கூறியதாகவும் எங்கள் அயலவரான மஜீட் ஹாஜியார் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அந்த முறைப்பாட்டில் ஒப்பமிட்டவர்களில் எனது வாப்பாவும் ஒருவர். நான் இந்த மனுவை எழுதுவது அவருக்குத் தெரியாது. வீட்டார் உறங்கிய பின் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். ஆகவே எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். சொல்லும் விடயத்தில் கோணல் இல்லை.

2. ஒப்பத்துக்கு வந்த முறைப்பாட்டை நானும் வாசித்தேன். சாளை யாருடைய நாய் என்று அதில் எழுதப்படவில்லை. கட்டாக்காலி நாய் என்றே எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல. எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் கடற்கரையில் மீன்வாடிக் குடில் போட்டிருக்கும் மீனவர் கனகரெத்தினம் மாமாதான் அதற்குச் சோறு வைக்கிறவர். அது குட்டியாக இருந்தபோது வலையிலிருந்து உதிரும் சாளை மீனை மட்டுமே தின்றதால் அந்தப் பெயர் வந்தது. பகலில் வாடி வாசலில் கிடக்கும். இரவில் கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் தோணிக்குக் கீழ் படுக்கும். இதுவரை யாரையும் கடித்ததில்லை.

3. நடந்தது இதுதான். கடந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் மஜீட் ஹாஜியாரின் இளைய மகள் றுஸ்னா ராத்தாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வந்து இறங்கும்போது ஹாஜியாரின் மகன் நஸீம் காக்கா யானை வெடி கொளுத்தினார். வயலுக்குள் வரும் யானையை விரட்டுவதற்கென்று விவசாயிகளுக்குக் கொடுக்கப்படும் வெடி அது. அதன் சத்தம் எப்படி இருக்கும் என்று தாங்கள் அறிவீர்கள். ஒரு யானையைத் திருப்பி அனுப்பும் சத்தத்தை வீடுகள் நெருங்கி நிற்கும் ஒழுங்கையில் போட்டார்கள். அதே நேரம் மேற்கே இடியும் தொடங்கியது. அன்று காற்றுக்காகக் கரையிலிருந்த தோணிகளை நிமிர்த்திக் கட்டியிருந்தபடியால் சாளைக்கு ஒளிய இடமில்லை. கடற்கரைப் பக்கமிருந்து ஓடி வந்து, திறந்திருந்த முதல் வாசலுக்குள் புகுந்தது. அது கல்யாண வீட்டு வாசல்.

4. உள்ளே விருந்தாளிகளுக்குப் பாய் விரித்து, பலர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் பெரிய சோற்றுத் தட்டுகளான சஹன்களை வைத்து, மேலே துணி மூடியிருந்தார்கள். நாய் அந்தத் துணிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. இருட்டாகவும் தாழ்வாகவும் இருந்த இடம் அது ஒன்றுதான். அதன் வாயிலிருந்து நீர் வடிந்து இரண்டு சஹன்களில் பட்டது. பெண்கள் கத்தினார்கள். சம்மாந்துறையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், “என்ன ஹாஜியார், மாப்பிள்ளைக்கு முந்தி இவர் சஹன்ல உக்காந்திட்டாரு” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. சோறு முழுவதும் அள்ளி வீசப்பட்டது. நாய் தொட்ட பாத்திரங்களை எங்கள் மார்க்க முறைப்படி மண் கலந்த நீரால் ஒரு தடவையும் வெறும் நீரால் ஆறு தடவையும் கழுவி முடிக்கும் வரை விருந்தாளிகள் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஹாஜியாருக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும் என்பது எனக்கு விளங்குகிறது. அவர் பொல்லாதவர் அல்ல. எங்கள் வீட்டில் யாருக்கும் சுகமில்லை என்றால் முதலில் வருகிறவர் அவர்தான்.

5. ஆனால் அந்த வெட்கத்தில்தான் முதன்முதலாக “இதுக்கு விசர் புடிச்சிட்டு” என்ற பேச்சு எழுந்தது. வாயால் நீர் வடிகிறது, உடம்பு நடுங்குகிறது, கண் ஒரு மாதிரி விரிந்திருக்கிறது என்று ஆளுக்கொரு அடையாளம் சொன்னார்கள். ஐயா, எங்கள் பகுதியில் நாயைத் தொடுவதில்லை, வீட்டில் வளர்ப்பதும் குறைவு. அதனால் பயந்த நாயைக் கிட்ட நின்று பார்த்தவர்களும் இல்லை. பயந்த நாய்க்கும் நீர் வடியும், நடுங்கும், கண் விரியும். நான் பார்த்திருக்கிறேன்.

6. மறுநாள் காலை நஸீம் காக்காவும் சிலரும் சேர்ந்து ஒரு பரிசோதனை வைத்தார்கள். விசர்நாய் தண்ணீருக்குப் பயப்படும் என்பதால், தகர வாளியில் தண்ணீர் நிரப்பி, நீளமான கம்பால் அதை நாயை நோக்கித் தள்ளினார்கள். கொங்கிறீட் தரையில் வாளி கிறீச்சிட்டு, கவிழப் பார்த்து, கைப்பிடி அடித்துச் சத்தமிட்டது. சாளை வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடியது. “பாத்தீங்களா, தண்ணியக் கண்டாலே ஓடுது” என்றார் நஸீம் காக்கா. கூடியிருந்த எல்லோரும் “ஓம், ஓம்” என்றார்கள். வாப்பாவும் அங்கே நின்றார். அதன் பிறகுதான் அவர் ஒப்பமிட்டார். சிறு பிள்ளைகள் இருக்கும் ஒழுங்கை என்ற கவலையில்தான் ஒப்பமிட்டார் என்று நான் நம்புகிறேன்.

7. அது தண்ணீரைக் கண்டு ஓடவில்லை, ஐயா. வாளியின் சத்தத்தைக் கேட்டு ஓடியது. அன்று எல்லோரும் போன பின் நான் ஒரு சிரட்டையில் தண்ணீர் எடுத்துப் போய், மணலில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். முழுவதையும் குடித்தது. சிரட்டையை நக்கியும் விட்டது. இன்று காலையும் குடித்தது. இதைக் கனகரெத்தினம் மாமாவும் கண்டார்.

8. அவர் ஏன் முன்வந்து சொல்லவில்லை என்று தாங்கள் கேட்கக்கூடும். நானும் கேட்டேன். அவர் வலையைத் தைத்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “நான் வாயத் திறந்தா அது நாய்ப் பிரச்சினையா இராது மகள். தமிழாக்கள், முஸ்லிமாக்கள் எண்டு ஊர்ப் பிரச்சினையாகிரும். நான் இந்தக் கரையில தொழில் செய்யணும். ஹாஜியாரும் நல்ல மனிசன். ஒரு நாய்க்காக அவரோட முகம் முறிக்க ஏலாது.” சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். சாளை அவருடைய காலடியில்தான் கிடந்தது. அவருக்குச் சொல்ல முடியாததை, இந்த ஒழுங்கையிலேயே பிறந்த நான் சொன்னால் அது ஊர்ப் பிரச்சினை ஆகாது. அதனால்தான் எழுதுகிறேன்.

9. இந்த நாயைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். போன மாரியில் ரியூஷன் முடிந்து வரும்போது பெரிய இடி இடித்தது. சாளை மதகுக்குள் புகுந்து, தண்ணீர் ஏறியும் வெளியே வராமல் நின்றது. நான் பயத்தில் அதை இழுத்து எடுத்தேன். அது என் கையை உதறிக்கொண்டு இன்னும் வேகமாகத் தெருவுக்கு ஓடி, லொறியில் அடிபடப் பார்த்தது. ஒளிய வந்ததை இழுத்து வெளியே எடுக்கக் கூடாது என்று அன்று அறிந்தேன். அதன் பிறகு கவிழ்த்த தோணியின் திறந்த பக்கத்தில் பழைய சாக்கு ஒன்றைக் கட்டினேன். மின்னல் வெளிச்சம் உள்ளே வராது. இடிக்கும்போது வெளியே உட்கார்ந்து, ஒரே மாதிரியான குரலில் வரலாற்றுப் பாடத்தை வாசிப்பேன். அதற்கு எது விளங்கும் என்று தெரியாது. ஆனால் நடுக்கம் குறையும். போட் இன்ஜின் சத்தத்தில் அது நித்திரையே கொள்ளும். “எப்பவும் கேக்கிற சத்தத்துக்கு அது பயமில்ல. திடீரெண்டு வாறதுதான் அதுக்கு ஒத்துவராது” என்பார் மாமா.

10. அந்தச் சொல்லை வைத்து ஒரு பயிற்சியும் தொடங்கினேன். தூரத்தில் நின்று இரண்டு சிரட்டைகளை மெதுவாகத் தட்டுவேன். தட்டியவுடன் ஒரு கருவாட்டுத் தலை போடுவேன். அது பயப்படாமல் தின்றால் மட்டுமே அடுத்த முறை கொஞ்சம் பலமாகத் தட்டுவேன். பயந்தால் திரும்பவும் மெதுவாக. சில நாட்களில் முன்னேற்றமே இல்லை. இப்போது சிரட்டைச் சத்தம் கேட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. கதவு அடிபடும் சத்தத்துக்கும் ஓடுவதில்லை. தகரச் சத்தத்துக்குப் பயிற்சி இன்னும் வரவில்லை. இடிக்கு வர இன்னும் காலம் எடுக்கும். தொடங்கிய வேலை பாதியில் நிற்கிறது, ஐயா.

11. நான் நாயைத் தொட்ட நாளெல்லாம் மண்ணால் ஒரு தடவையும் நீரால் ஆறு தடவையும் கழுவித்தான் வீட்டுக்குள் போயிருக்கிறேன். அதற்கென்று ஒரு பழைய சட்டையைத் தனியாக வைத்திருக்கிறேன். சாளையை ஒருபோதும் எங்கள் வளவுக்குள் கொண்டு வந்ததில்லை. தொடக்கத்தில் கடற்கரை மணலை உடுப்பில் மறைத்துக் கொண்டு வருவேன். ஒரு நாள் கிணற்றடியில், வாளிக்குப் பக்கத்தில், சிறிய மண்சட்டி நிறைய அரித்தெடுத்த சுத்தமான மண் இருந்தது. குறையக் குறைய அது நிரம்புகிறது. யார் நிரப்புகிறார்கள் என்று நான் உம்மாவிடம் கேட்கவில்லை. உம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை.

12. முறைப்பாட்டில் ஹாஜியாரின் பேரன் இஹ்ஸானின் காலை நாய் கடித்ததாக எழுதப்பட்டுள்ளது. அன்று எல்லோரும் பயந்து ஓடியபோது அவன் பந்தல் கயிறு கட்டிய கட்டையில் இடறி விழுந்ததை நான் கல்யாண வீட்டு ஜன்னலிலிருந்து கண்டேன். நேற்று அவனிடமே கேட்டேன். “நாய் என்னத் தொடவே இல்ல ராத்தா. கட்டதான் கடிச்ச” என்று சொல்லிச் சிரித்தான். ஆயினும் என்னுடைய சொல்லையோ அவனுடைய சொல்லையோ மட்டும் நம்பி அவனுக்குரிய தடுப்பூசியை நிறுத்த வேண்டாம். அவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் நானும் அவர்களோடுதான் நிற்கிறேன்.

13. ஆகவே நான் பணிவாகவும், அதே நேரம் உறுதியாகவும் கேட்பவை:

செவ்வாய்க்கிழமை நாயைப் பிடிக்க முன் தாங்களே ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். காலையில் வரவும். இப்போது பின்னேரங்களில் இடி முழங்கும் காலம். வாகனத்தை ஒழுங்கை முனையில் நிறுத்தி, ஹோன் அடிக்காமல் நடந்து வரவும். தண்ணீரைச் சிரட்டையில் வைத்துப் பார்க்கவும், தகர வாளியில் வேண்டாம். அது குடித்தால், விசர் இருக்கிறதா என்று பார்க்கத் தாங்கள் குறிக்கும் காலம் வரை அதை வாடியிலேயே கட்டி வைத்துக் கண்காணிக்க அனுமதிக்கவும். கனகரெத்தினம் மாமா தடுப்பூசி போடுவித்துத் தன் பெயரில் பதிவு செய்ய ஆயத்தமாக இருக்கிறார். பதிவதற்கு வாய் திறக்கத் தேவையில்லை, கையொப்பம் போதும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். தண்ணீரைக் கண்டு அது உண்மையாகவே ஓடினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். இந்த வரியை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அத்துடன், குடியிருப்புகளுக்குள் யானை வெடி கொளுத்துவதைத் தடுக்கப் பொலிஸாருக்கு அறிவிக்கவும். இதை நாய்க்காக மட்டும் கேட்கவில்லை. கல்யாணத்தன்று அந்தச் சத்தத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் விடாமல் அழுதது. அதற்கும் விசர் என்று யாரும் சொல்லவில்லை.

14. இந்த மனுவைப் பெயரில்லாமல் அனுப்பத்தான் முதலில் எண்ணினேன். மொட்டைக் கடிதங்கள் கவனத்தில் எடுக்கப்படமாட்டா என்று தங்கள் பணிமனைச் சுவரில் எழுதியிருப்பதை ஊசி போட வந்தபோது வாசித்திருக்கிறேன். அது சரிதான். ஓர் உயிருக்காகப் பேசுகிறவர் யார் என்பது தெரிய வேண்டும். பிறகு, பெயரை இரகசியமாக வைக்கும்படி கேட்போமா என்று இந்த இடத்தில் நெடுநேரம் பேனையை வைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒளிந்தால் என்னை யாரும் இழுத்து எடுக்கப் போவதில்லை. சாளையை எடுப்பார்கள். ஆகவே கேட்கவில்லை.

நாளை பாடசாலை செல்லும் வழியில் இதை என் கையாலேயே தங்கள் பணிமனையில் ஒப்படைப்பேன். செவ்வாய்க்கிழமை காலை வாடியடியில் சிரட்டையுடன் நிற்பேன். ஹாஜியாரும் நஸீம் காக்காவும் வந்தால் அவர்களுக்கும் ஸலாம் சொல்லி, அங்கேயே நிற்பேன். தாங்கள் வந்து பார்த்த பின் எந்த முடிவை எடுத்தாலும், பார்த்த பின் எடுத்த முடிவாக அது இருக்கட்டும் என்பதே என் வேண்டுதல்.

கண்டதை மட்டுமே எழுதி ஒப்பமிடும்,

ஜ. பஹ்மிதா

இடம்: கல்முனைக்குடி
திகதி: 26.10.2025

பிரதி: ஜனாப் ஜவுபர் அவர்கள், எனது வாப்பா. அதிகாலை ஸுபஹுத் தொழுகைக்கு அவர் அணியும் சட்டைப் பையில் வைக்கப்பட்டுள்ளது.