மஞ்சள் கார்டின் பின்பக்கம்

அக்கா,

மகர்பட்டாவில் மகன் வாங்கியிருக்கும் பதினொன்றாம் மாடி வீட்டுக்குக் குடிவந்து மூன்று வாரமாகிறது. இன்று கடைசி அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது அந்த பிஸ்கட் டப்பா வந்தது. தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் என் பீரோ மேல் இருக்குமே, அதுதான். உள்ளே ஒரே ஒரு மஞ்சள் கார்டு, ஓரத்தில் நெய்க் கறையோடு. செல்வியுடையது.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை, தாய் சேய் நலனுக்காக உழைப்பவர்களுக்கு உங்கள் பெயரில் பாராட்டு விழா வைக்கிறார்கள். முதல் பேச்சு என்னுடையதாம். "ஆன்ட்டி, நீங்கதானே அவங்க கூடவே இருந்தீங்க," என்கிறாள் ஏற்பாடு செய்யும் பெண். கூடவே இருந்தேன். அதுதான் சிக்கல்.

கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து மராட்டி பேசும் தேஹு ரோடுக்கு நான் வந்தபோது, நம் வீட்டுக்காரர்கள் இருவருக்கும் ராணுவ டெப்போவில் ஒரே செக்‌ஷன். கர்ப்பிணிகளுக்கு உதவும் வேலைக்கு உங்களை யாரும் நியமிக்கவில்லை. தர்மபுரிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்த பெண்கள் தகரக் கொட்டகையில் குடியிருந்து, வயிற்றுப் பிள்ளையோடு செங்கல் சுமந்தார்கள். ஆஸ்பத்திரியில் விலாசம் இல்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் எல்லோருக்கும் உங்கள் வீட்டு விலாசத்தையே கொடுத்தீர்கள். ஒரே வீட்டில் எப்படி ஒன்பது கர்ப்பிணிகள் என்று சீட்டு எழுதுகிறவர் கேட்டார். "படா பரிவார் ஹை, ஸாப்," என்றீர்கள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். பெரிய குடும்பமாம்! நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

அங்கே கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மஞ்சள் கார்டு மராட்டியில் இருக்கும். பிரசவத்துக்கு அந்தப் பெண்கள் தாய்வீடு போவார்கள். ஊரில் அதை யார் படிப்பது? சின்னப் பெண் வாயால் சொன்னால் பெரியவர்கள் கேட்பார்களா? டாக்டர் சொன்னது எழுத்தில் இருந்தால்தான் மதிப்பு. அதனால் பின்பக்கத்தில் தமிழில் எழுதித் தரவேண்டும் என்று முடிவு செய்தீர்கள். தேஹு ரோடிலேயே பிறந்து வளர்ந்த உங்களுக்குத் தமிழ் எழுத வராது. "பேசறதுக்கு நானு, எழுதறதுக்கு நீ. பஸ், அவ்ளோதான், முடிஞ்சிது," என்றீர்கள். ஒவ்வொரு பெண்ணிடமும், "கார்டு இல்லாம ரயில் ஏறாதே, பேட்டி," என்று மகளை அழைப்பதுபோல் சொல்வீர்கள்.

செல்விக்குத் தலைப்பிரசவம். கால் வீங்கியிருந்தது, ரத்தக் கொதிப்பு ஏறியிருந்தது. வீட்டில் பிரசவம் கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னதை எழுதச் சொல்லி, அவள் கார்டை என்னிடம் கொடுத்தீர்கள். நான்கு நாள் அது என் பீரோ மேல் கிடந்தது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, அடுப்பில் மைசூர்பாகு கிளறிக்கொண்டிருந்தேன். கையை எடுத்தால் கெட்டுப்போகும். ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் முன்னால் பெயர் கெடக்கூடாது என்ற வீம்பு வேறு. வாசலில் செல்வி குரல் கேட்டது.

"அக்கா, எங் கார்டு எழுதிட்டீங்களா? ஊருக்குப் போறோம்."

"இன்னும் இல்ல கண்ணு. நாளைக்கு வா, மைசூர்பாவும் தர்றேன்," என்று சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தேன்.

எப்போது போகிறாய் என்று நான் கேட்கவில்லை. நம் வாசலில் நின்று வற்புறுத்திப் பேச அவளுக்கும் வராது. அடுப்பை அணைத்ததும் உட்கார்ந்து எழுதினேன். எழுத்து அழகாகத்தான் இருக்கிறது, அக்கா. இப்போதும் பார்த்தேன். மறுநாள் அவள் வரவில்லை. மேஸ்திரிக்கு டிக்கெட் கிடைத்து, முதல் நாள் சாயங்காலமே எல்லோரும் ரயில் ஏறிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

பொங்கல் கழித்துத் திரும்பிய கொட்டகைக்காரர்கள்தான் செய்தி சொன்னார்கள். வீட்டிலேயே பிரசவம் பார்த்திருக்கிறார்கள். வலிப்பு வந்து செல்வி போய்விட்டாள். பெண் குழந்தை பிழைத்துக்கொண்டது.

"கார்டு வாங்க உங்கிட்ட வந்தாளா?" என்று கேட்டீர்கள்.

"வரலையேக்கா," என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாயில் தயாராக இருந்ததுபோல் வந்தது பொய். நீங்கள் அப்படியே படியில் உட்கார்ந்தீர்கள். "மேரீ கல்தி, எந் தப்புதான். நாந்தான் அவளுக்குச் சரியாச் சொல்லல," என்றீர்கள்.

அதற்குப் பிறகு கார்டு வாங்க யாரையும் வரவிடவில்லை நீங்கள். மூட்டு வலியோடு, மழைச் சேற்றில், கொட்டகை கொட்டகையாக நீங்களே கொண்டுபோய்க் கையில் கொடுத்தீர்கள். என் பொய்யைச் சுமந்துகொண்டு நடந்தீர்கள். நான் குடை பிடித்துக்கொண்டு கூட வந்தேன்.

பல வருஷம் கழித்து உங்களுக்குச் சால்வை போர்த்தினார்களே, அந்த மேடையிலும் அதையே சொன்னீர்கள். "செல்வின்னு ஒரு பொண்ணு. நான் ஒழுங்காச் சொல்லியிருந்தா இன்னிக்கு இருந்திருப்பா." அடக்கத்தில் பேசுகிறீர்கள் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. முதல் வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டினேன். வெட்கமாக இருக்கிறது, அக்கா.

சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காத வாரமில்லை. நாளைக்குச் சொல்லலாம், முழங்கால் வலி குறையட்டும், பண்டிகை முடியட்டும். கடைசியில் ஆஸ்பத்திரியிலும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு வர்றேன்க்கா," என்றுதான் கிளம்பினேன். மறுநாள் கட்டில் காலியாக இருந்தது.

மைசூர்பாகு நான் அப்புறம் கிளறியதே இல்லை. வாசலில் மணி அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறேன். கூரியர்காரனுக்குக்கூட இப்படி ஓடவேண்டுமா என்று மருமகள் சிரிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை இந்தக் கார்டை எடுத்துக்கொண்டு போகிறேன். பின்பக்கத்தை மைக்கில் படிப்பேன். செல்வி வந்தாள், கேட்டாள், நான்தான் கொடுக்கவில்லை, அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்வேன். அரங்கம் முழுக்கக் கேட்கும். நீங்கள்தான் கேட்கமாட்டீர்கள்.