ஒன்றாகத் தெரிந்த இரண்டு கோடுகள்

சகாயம், என் கூடப்பிறந்த கண்ணே,

கென்ஜி வந்துவிட்டுப் போய் ஒரு வாரமாகிறது. ஜப்பானில் உன்னோடு ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே கருவிக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்த அதே கென்ஜி. போனில் நீ சொன்னதை வைத்து உயரமான ஆள் என்று நினைத்திருந்தேன். என் தோளுயரம்தான் இருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, உன் படத்துக்கு முன்னால் இடுப்பை வளைத்து நின்றவர் நிமிரவே இல்லை. அம்மாதான் பயந்துபோய், "ஏத்தா அமலி, அந்தத் தம்பிக்கு என்னமோ செய்யுது, பிடி" என்றாள்.

அவர் சொன்னதை உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒருவேளை உனக்கு முன்பே தெரிந்திருக்கலாம். அதுதான் என்னைத் தின்கிறது. ஊரும் படிக்கட்டும் என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். குவாண்டம் கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்துவிட்டு நீ செத்துப்போனதாக இங்கே ஒரு பேச்சு நடமாடுகிறது. உன் அடக்கத்தன்று யாரோ ஆரம்பித்தது. பஸ்ஸில், கோயிலில், என் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில்கூடக் கேட்டிருக்கிறேன். உண்மை என்ன என்று அப்போது எனக்கும் தெரியாது.

உன் இதயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். சின்ன வயதில் உனக்கு மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. போகும்போது அது இதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போனது. மாதாமாதம் பென்சிலின் ஊசி. ஊசி போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி நீ முன்னால் நடப்பாய், உன் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வருவேன். அப்பா போன பிறகு அம்மாவுக்கு இரண்டு கவலைகள்தான். ஒன்று உன் மூச்சு, இன்னொன்று என் கல்யாணம். இரண்டாவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள்.

ஓடியாட முடியாதவன் என்பதால் படித்தாய் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். உனக்குப் பிடித்திருந்தது, படித்தாய். தொண்ணூறுகளில் திருச்சியில் எம்.எஸ்ஸி. முடித்தாய். கொஞ்ச வருடம் கழித்து, இந்த நூற்றாண்டு பிறந்த கையோடு, ஜப்பானில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. நீ அங்கே போன மூன்றாம் வருடம் கிறிஸ்துமஸுக்கு வந்தாய். அதுதான் கடைசி வரவு என்று நம்மில் யாருக்குத் தெரியும்?

அன்று காலையில் கரண்ட் இல்லை. அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். அடுப்படியிலேயே உட்கார்ந்து, "அங்க என்னதான்டா செய்யிற, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்று கேட்டேன். நானும் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள்தானே, கொஞ்சமாவது ஏறும் என்ற நம்பிக்கை.

"அலுமினியத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு வளையம்க்கா. நல்லாக் குளுர வச்சா அதுல கரண்டு தடையே இல்லாம ஓடும். அது கீழ் நெலையில இருக்கலாம், மேல் நெலையில இருக்கலாம், ரெண்டும் கலந்தும் இருக்கலாம். அதுதேன் க்யூபிட்டு. ஒண்ண மட்டும் வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. ரெண்ட இணைச்சாத்தேன் கணக்குப் போடும்."

"இணைக்க வேண்டியதுதானே?"

"இணைச்சா விட மாட்டேங்குதுக்கா. வேலை முடிஞ்சப்புறமும் ஒண்ண ஒண்ணு தொந்தரவு பண்ணிக்கிட்டே கெடக்கு. பக்கத்துல இருக்கது மேல போச்சுன்னா இதோட அதிர்வெண் நகந்துருது. கணக்குத் தப்பாயிருது. வேணுங்கிறப்ப இணைப்பு இருக்கணும், வேணாங்கிறப்ப சுத்தமா இருக்கக் கூடாது."

"நடுவுல ஒரு சுவிட்ச வையி."

நீ சிரித்தாய். "வீட்டுல இருக்க சுவிட்சு மாதிரி வச்சா அதோட இரைச்சலே ரெண்டையும் கெடுத்துப்புடும். நாங்க நடுவுல மூணாவதா ஒரு வளையம் வைக்கிறோம். வெளியருந்து காந்தப்புலத்தக் கூட்டிக் கொறைச்சா, அது வழியாப் போற இழுப்பு மாறும். ஏற்கனவே ரெண்டுக்கும் நேரடியா இருக்க இழுப்பும் இதுவும் ஒரே ஒரு எடத்துல ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் பூஜ்ஜியமாகணும். அந்த எடத்தத்தேன் தேடுறேன்."

அம்மா அரைப்பதை நிறுத்திவிட்டு, "எம்புட்டுக் குளுருல வைப்பீக?" என்று கேட்டாள். உலகத்தில் எங்கேயும் இயற்கையாக இல்லாத குளிர் என்று சொன்னாய். "அங்க நிக்கிறப்ப கம்பளிச் சட்டை போட்டுக்கிறியா அப்பு?" என்றாள். நாம் இரண்டு பேரும் சிரித்தோம். நீ சிரிக்கும்போதே மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறி வந்தவன் போல வாங்கியது. அம்மா சிரிக்கவில்லை.

மறுநாளே மதுரைக்குக் கூட்டிப் போனோம். வால்வு மிகவும் சுருங்கிவிட்டது, ஆபரேஷனைத் தள்ளிப் போடக் கூடாது என்றார் டாக்டர். அந்த வளையங்கள் பதித்த சில்லு ஒன்று கருவியில் குளிர்ந்துகொண்டிருக்கிறது, அதை முடித்துவிட்டு வந்து செய்துகொள்கிறேன் என்றாய். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நானும்தான். டிக்கெட்டைத் திரும்பி வருவதற்கும் சேர்த்து எடுத்துக் காட்டிய பிறகுதான் விட்டோம்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைப் போன். இன்றைக்கும் உன் குரல் காதில் இருக்கிறது.

"அக்கா, சேந்துருச்சுக்கா! ரெண்டு கோடும் ஒண்ணாயிருச்சு!"

அந்தக் கோடுகளை எனக்கு முன்பே விளக்கியிருந்தாய். பக்கத்துக் க்யூபிட் கீழே இருக்கும்போது முதல் க்யூபிட்டின் அதிர்வெண்ணை அளந்தால் ஒரு கோடு. பக்கத்தது மேலே இருக்கும்போது அளந்தால் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அவற்றுக்கு இடையிலான தொந்தரவு. காந்தப்புலத்தை மாற்றிக்கொண்டே போனால் இடைவெளி குறைந்து, ஓரிடத்தில் இரண்டும் ஒன்றாக வேண்டும். ஒன்றானால் இணைப்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். அன்று ஒன்றாகியிருந்தது. நான் அழுதேன். அம்மாவிடம் ஓடிப்போய், "தம்பி ஜெயிச்சுட்டான்மா" என்றேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப கெளம்பிட்டானா?"

அடுத்த வாரம் கூப்பிட்டபோது உன் பேச்சு மாறியிருந்தது. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறேன் என்றாய்.

"ஒரே ஒரு அளவு பாக்கணும்க்கா. இப்ப மெஷின சூடு பண்ணிட்டா சில்லு மாறிப்போயிரும். திரும்ப இதே மாதிரி வருமான்னு சொல்ல முடியாது. பாத்துட்டு வாரேன்."

"ஏலே, ஒனக்குப் புத்தி இருக்கா? மூச்சு வாங்குறது எனக்கு இங்க கேக்குது!"

"மருந்து சாப்புடுறேன்க்கா. நல்லாத்தேன் இருக்கேன்."

அம்மா போனைப் பிடுங்கினாள். "அப்பு, மெஷினு எங்கயும் போகாது. நீ வாடா. எங்கண்ணுல நீ இருந்தாப் போதும், ஒண்ணும் கண்டுபிடிக்க வேணாம்."

"வாரேம்மா" என்றாய். அம்மாவோடு நீ பேசிய கடைசிச் சொல் அது.

வந்தாய். திருச்சி விமான நிலையத்தில் சரக்கு இறக்குகிற பக்கத்து வாசலில் நான் காத்திருந்தேன். நுரையீரலில் நீர் கோத்து, விடுதி அறையில் விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் போய்விட்டாய் என்று சொன்னார்கள். ஆம்புலன்ஸில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு திண்டுக்கல் வரைக்கும் உட்கார்ந்து வந்தேன். வழியில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார். எனக்கும் ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். குடித்தேன், சகாயம். எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

இனி, கென்ஜி சொன்னது. உன் நினைவுத் திருப்பலிக்கு என்று வந்தவர், மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவையும் என்னையும் உட்காரச் சொன்னார். அவர் ஆங்கிலம் மெதுவானது. ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த இரண்டு கோடுகள் ஒன்றானது உண்மையல்ல என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் மறுபடி விளக்கினார். அந்த ஒரு காந்தப்புல அளவில் பக்கத்துக் க்யூபிட்டை மேல்நிலைக்கு ஏற்றினால், அது நிற்காமல் உடனே கீழே விழுந்துவிட்டிருக்கிறது. சில்லில் ஏதோ ஒரு குறை. மேலே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அளந்தபோதெல்லாம் அது கீழேதான் கிடந்திருக்கிறது. ஆகவே இரண்டு தடவையும் ஒரே கோட்டைத்தான் அளந்திருக்கிறாய். இணைப்பு அறுபடவே இல்லை.

"அவரு என்னத்தா சொல்றாரு?" என்று அம்மா என் முழங்கையைத் தொட்டாள்.

ஒரு நிமிடம் நினைத்தேன், சகாயம். நல்லபடியாக வந்தது என்று மாற்றிச் சொல்லிவிடலாம். கென்ஜிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் சரியாகச் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கையோடு. "தம்பி செஞ்சது தப்பாயிருச்சாம்மா" என்றேன்.

கென்ஜி தொடர்ந்தார். உனக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். என்னிடம் போனில் சந்தோஷப்பட்ட மறுநாளே அவரிடம், "பக்கத்தது அங்கே மேலே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்று சொல்லியிருக்கிறாய். நீ பார்க்க வேண்டும் என்ற ஒரே ஒரு அளவு அதுதானாம். அதற்கு வேண்டிய நுண்ணலைக் கருவி வேறொரு குழுவிடம் இருந்ததால் முறை வரக் காத்திருந்தாயாம். நீ போன பிறகு, சில்லு குளிர்ந்தபடியே இருக்க, முறை வந்தது. கென்ஜியே அளந்து பார்த்தார். ஒரு மத்தியான வேலை என்றார்.

"அத இந்தத் தம்பியே பாத்திருக்கலாம்ல?" என்றாள் அம்மா.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். கென்ஜி தலையைக் குனிந்துகொண்டார். நீ ஊருக்குப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னிடம் சொன்னாராம். தப்பு என்றால் அந்தத் தப்பை நான்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றாயாம்.

அப்படியா சொன்னாய்? அம்மாவைவிட, என்னைவிட, உன் மூச்சைவிட அந்தத் தப்பு உனக்குப் பெரிதாக இருந்ததா? போனில் என்னிடம் ஒரு வார்த்தை, "அக்கா, தப்பாயிருக்குமோன்னு பயமா இருக்கு" என்று சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? தெரியவில்லை. கேட்கிற இடத்தில் நீயும் இல்லை.

வேறு நாடுகளில் வேறு அமைப்பில் அந்த இணைப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்துவிட்டார்களாம். நிஜமாகவே வேலை செய்கிறதாம். அதில் உன் பெயர் இல்லை. இருக்கக் காரணமும் இல்லை. உன் சில்லைக் கருவியிலிருந்து எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்களாம். வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

எல்லாம் சொல்லி முடித்தாயிற்று. தெருவில் வேடசந்தூர் மில் பஸ் வந்து நின்று, ஆள்களை இறக்கிவிட்டுப் போனது. பிறகு அம்மா, யாரையும் பார்க்காமல், ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்:

"தப்புத்தேன்னா வந்திருக்கலாமே. அதுக்குமா அங்க இருக்கணும்."

கென்ஜி என்னைப் பார்த்தார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு அது புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. முன்பெல்லாம் உன்னைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பாள். இப்போது எழுந்து உள்ளே போய்விடுகிறாள். பங்குச் சாமியார் வந்து, கடவுளுக்கு ஒரு திட்டம் இருக்கும் என்றார். என்னோடு வேலை பார்க்கிற ஆசிரியை ஒருத்தி, அறிவியலில் தப்பும் ஒரு பங்களிப்புதான் டீச்சர் என்றாள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். எனக்கு இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. வகுப்பில் காந்தப்புலம் பாடம் எடுக்கும்போது பலகையில் கோடு போடுகிறேன், கை நின்றுவிடுகிறது. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன், தம்பி. நீ வீணாகப் போகவில்லை என்று அம்மாவிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அவள் அழுதால் அழட்டும், உன்னைத் திட்டினால் திட்டட்டும், பக்கத்தில் இருப்பேன். அவள் கண் மூடும்வரைக்கும் இந்தத் துக்கத்துக்கு நான் அர்த்தம் சொல்ல மாட்டேன்.

உனக்கு மூத்தவளாய்ப் பிறந்து, உனக்குப் பின்னும் இருக்கிற
அமலி அக்கா